பெரிய இன்ஜின் பழைய வண்டியைக் காப்பாற்றாது

கோவில்பட்டியிலிருந்து மேற்கே இளையரசனேந்தலைத் தொட்டுத் திருவேங்கடத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் பிரியும் கரிசல்காட்டுச் சாலைகளில் இருபது, முப்பது வயதான மோட்டார் சைக்கிள்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. உர மூட்டை, பால் கேன், உளுந்துச் சிப்பம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என எல்லாவற்றையும் சுமப்பவை அவைதான். வயதாகி இழுவை குறைந்ததும் ஒரு யோசனை தவறாமல் வந்துவிடுகிறது: கூடு நன்றாகத்தானே இருக்கிறது, பெரிய வண்டியின் இன்ஜினை வாங்கி உட்கார வைத்துவிடு. நூறு சிசி ஸ்ப்ளெண்டருக்கு நூற்றைம்பது சிசி இன்ஜின், ஆர்எக்ஸ் 100-க்கு ஆர்எக்ஸ் 135 இன்ஜின், துணிந்தவர்களுக்கு அதற்கும் மேலே. இதைச் சிக்கனம் என்கிறார்கள், கைத்திறன் என்கிறார்கள், பழையதைத் தூக்கி எறியாத நல்ல பழக்கம் என்கிறார்கள். மூன்று பெயரும் இதற்குப் பொருந்தாது என்பது என் வாதம். பெரிய இன்ஜின் பழைய வண்டிக்கு உயிர் கொடுப்பதில்லை. அதில் மிச்சமிருக்கும் உறுப்புகளை வேகமாகத் தேய்த்து, நினைத்த இடத்தில் நிற்காத, அரசுப் பதிவேட்டில் இல்லாத வேறொரு வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிடுகிறது.

முதல் பிழை நோயைக் கண்டுபிடிப்பதிலேயே இருக்கிறது. இழுவை போய்விட்டது என்றால் இன்ஜின் சிறியது என்று முடிவு கட்டுகிறார்கள். அதே இன்ஜின்தான் புதிதாக இருந்தபோது அதே சுமையை இழுத்தது. சிசி குறையவில்லை, அழுத்தம்தான் குறைந்திருக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்தால், வால்வு தன் இருக்கையில் சரியாகப் பதியாவிட்டால், எரியும் வாயு பிஸ்டனைத் தள்ளாமல் இடுக்கு வழியே கசிந்துவிடும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்கின் ஆயில் சீல் கிழிந்தால் காற்றும் பெட்ரோலும் சேர வேண்டிய அளவு கெடும். சைலன்சருக்குள் கரி அடைத்தால் புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜின் மூச்சுத் திணறும். கிளட்ச் தட்டுகள் வழுக்கினால் இன்ஜின் கொடுக்கும் சக்தி சக்கரத்துக்கே போய்ச் சேராது. கரிசல் மண்ணுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. கோடையில் மாவாகப் பறக்கும் அந்தப் புழுதி ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் சிலிண்டர் சுவரைச் சாணை பிடித்தாற்போல் அரிக்கும். இந்தக் குறைகள் எல்லாவற்றுக்கும் நம் பட்டறைகளில் பழகிய வைத்தியம் இருக்கிறது. சிலிண்டரை லேத்தில் கொடுத்து போர் போட்டு, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் கூடுதல் அளவுள்ள பிஸ்டனைப் பொருத்தலாம். வால்வைத் தேய்த்து உட்கார வைக்கலாம். சீலும் கிளட்ச் தட்டும் மாற்றலாம். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிக்கு இந்த உதிரிப் பாகங்கள் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கின்றன. இந்த வேலைகளைச் செய்து பார்த்த பிறகும் போதவில்லை என்று வந்து சொல்பவர்கள் மிகக் குறைவு. செய்யாமலே பெரிய இன்ஜினுக்குத் தாவுபவர்கள்தான் அதிகம்.

அடுத்து, பெரிய இன்ஜின் என்ன தருகிறது என்பதைக் கணக்காகப் பார்க்கலாம். பழைய ஸ்ப்ளெண்டர் ஏறத்தாழ 7.5 குதிரைத்திறன், நூற்றைம்பது சிசி பல்சர் ஏறத்தாழ 13. சக்தி முக்கால் பங்கு கூடுகிறது. ஆனால் வேகம் அந்த அளவில் கூடாது. வேகம் ஏற ஏறக் காற்றின் எதிர்ப்பே பெரிய தடையாகிறது. அதை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. ஆகவே 1.73 மடங்கு சக்தி கொடுத்தால் உச்ச வேகம் 1.2 மடங்குதான் ஆகும்: மணிக்கு 80 கிலோமீட்டர் போன வண்டி 96 போகும். அந்தப் பதினாறு கிலோமீட்டர் இளையரசனேந்தலில் யாருக்கு வேண்டியிருக்கிறது? உழவருக்கு வேண்டியது சுமையோடு கிளம்பும்போது திணறாத இழுவை. அதற்குக் குறுக்கு வழி செயின் ஸ்ப்ராக்கெட்டில் இருக்கிறது. முன்பக்கம் 14 பல் உள்ள இடத்தில் 13 பல் வைத்தால் சக்கரத்துக்குப் போகும் திருப்புவிசை ஏறத்தாழ 8 சதவீதம் கூடும். பதிலுக்கு ஒவ்வொரு கியரிலும் வேகம் சற்றுக் குறையும், பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகப் போகும். சுமை வண்டிக்கு இது நல்ல பேரம். ஆர்சி புத்தகத்தில் ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கை இல்லை. இன்ஜினின் எண்ணும் கொள்ளளவும் இருக்கின்றன.

கிணற்றில் ஊறும் தண்ணீரையும் குழாயின் விட்டத்தையும் பார்க்காமல் ஐந்து எச்.பி. மோட்டார் இருந்த இடத்தில் பத்து எச்.பி. மோட்டாரை இறக்க எந்தச் சம்சாரியும் சம்மதிக்க மாட்டார். தண்ணீர் ஊறும் அளவுக்கே கிடைக்கும், குழாய் நடுங்கும், மோட்டார் காற்றை இழுத்துக் கருகும் என்று அவருக்குத் தெரியும். வண்டி என்று வந்ததும் இந்த அறிவு ஏனோ ஒதுங்கிக்கொள்கிறது. இன்ஜினைச் சுற்றியுள்ள ஒவ்வொன்றும் அந்த இன்ஜினுக்காக அளந்து செய்யப்பட்டது. அதில் தலையாயது பிரேக். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கம். 80-லிருந்து 96-க்குப் போனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. பிரேக் வெப்பமாக்கித் தீர்க்க வேண்டிய ஆற்றல் 1.44 மடங்காகிறது. புது இன்ஜினின் கூடுதல் எடை இன்னும் சேர்க்கப்படவில்லை. ஸ்ப்ளெண்டரின் இரு சக்கரங்களிலும் இருப்பது 130 மில்லிமீட்டர் டிரம். அதே பல்சர் இன்ஜின் தன் சொந்த வண்டியில் இருந்தபோது முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் அகலமான பின் டயரும் துணைக்கு இருந்தன. இன்ஜினை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தவர் அவற்றை அந்தப் பல்சரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். நீண்ட நேரம் அழுத்தினால் டிரம் சூடேறிப் பிடி தளரும். நனைந்தாலும் பிடிக்காது. கோவில்பட்டி இளையரசனேந்தல் சாலையின் ரயில்வே சுரங்கப்பாதையில் மழைநாளில் தேங்கும் தண்ணீரைக் கடந்து வெளியே வரும் டிரம் பிரேக் வண்டி, ஷூ உலரும்வரை அரைப் பிரேக்கோடுதான் ஓடுகிறது. அதற்கப்பால் இருப்பது தடுப்புச் சுவர் இல்லாத சாலை: கிடை மாறும் ஆட்டுமந்தை குறுக்கே வரும், அறுப்புக் காலத்தில் பாதித் தாரில் தானியம் காயும், இருட்டில் விளக்கில்லாத மாட்டு வண்டி முன்னே போகும். நிற்கும் தூரம் சில அடி கூடினாலே அங்கே உயிர்ப்பிரச்சினை.

பிரேக்குக்கு அடுத்தது வண்டியின் சட்டம் (ஃப்ரேம்). பல வண்டிகளில் இன்ஜின் சும்மா தொங்குவதில்லை. அதுவே சட்டத்தின் கீழ்ப்பகுதியாக இருந்து முன்னையும் பின்னையும் இறுக்கிப் பிடிக்கிறது. வேறு இன்ஜினின் போல்ட் துளைகள் பழைய இடத்தில் பொருந்தாது. ஆகவே பழைய பிடிப்புகளை அறுத்து, தகடு வெட்டி, வெல்டிங் வைக்கிறார்கள். பல ஆண்டு அதிர்ந்து களைத்த மெல்லிய குழாயில் வெல்டிங் சூடு பட்ட இடத்தை ஒட்டிய இரும்பு தன் பழைய பதத்தை இழக்கிறது. விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பெயின்டுக்கு அடியில் இருப்பதால் கண்ணில் படாது. சில மில்லிமீட்டர் விலகினாலும் முன் ஸ்ப்ராக்கெட்டும் பின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் நிற்காது. செயின் பக்கவாட்டில் இழுபட்டுத் தேயும், ஒரு நாள் அறுந்து சக்கரத்தைக் கட்டும். ஸ்விங் ஆர்ம் புஷ்ஷும் ஃபோர்க் ஸ்பிரிங்கும் ஏற்கெனவே வயதானவை. இவற்றையெல்லாம் மாற்றிவிடலாமே என்றால், மாற்றலாம். மாற்றி முடித்தபின் சேஸிஸ் எண் தவிர அந்தப் பழைய வண்டியில் என்ன மிஞ்சும்? ஆகும் செலவில் நல்ல நிலையில் உள்ள ஒரு நூற்றைம்பது சிசி வண்டியையே, அதன் பிரேக்கோடும் காகிதத்தோடும் வாங்கியிருக்கலாம்.

மறுதரப்பின் வலுவான சான்று இங்கிலாந்திலிருந்து வருகிறது. 1950-களிலும் 60-களிலும் அங்கே இளைஞர்கள் கட்டிய டிரைட்டன் வண்டிகள் இன்றும் கொண்டாடப்படுகின்றன. நார்ட்டன் சட்டத்தில் டிரயம்ஃப் இன்ஜின். அது உலகமே மெச்சும் இன்ஜின் மாற்றம் இல்லையா என்று கேட்கிறார்கள். உண்மைதான். அது எந்தத் திசையில் நடந்தது என்பதைப் பாருங்கள். மெக்கேண்ட்லெஸ் சகோதரர்கள் வடிவமைத்து 1950-ல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் வென்ற ஃபெதர்பெட் என்ற அந்த நார்ட்டன் சட்டம், அக்காலத்தில் கைக்குக் கிடைத்த சட்டங்களில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. நார்ட்டனின் பந்தய இன்ஜின்களை 500 சிசி ஃபார்முலா 3 கார்களுக்காகக் கழற்றிக்கொண்டதால் இன்ஜின் இல்லாத நல்ல சட்டங்கள் சந்தைக்கு வந்தன. பந்தயத்துக்கென்றே கட்டிய சட்டத்தையும் பிரேக்கையும் முதலில் கையில் எடுத்து, அவை தாங்கும் இன்ஜினை அவற்றில் பொருத்தினார்கள். வலுவான சட்டத்துக்கு ஏற்ற இன்ஜின் தேடியது அந்த மரபு. இங்கே நடப்பது தளர்ந்த சட்டத்துக்கு அது தாங்காத இன்ஜினைத் தேடுவது. டிரைட்டன் என் தரப்புச் சாட்சி.

இரண்டாவது சான்று நம் ஊர்ப் பக்கமே இருக்கிறது: என்ஃபீல்டு கம்பெனியே 350 சிசி புல்லட்டின் வடிவத்தில் 500 சிசி இன்ஜினையும் பின்னர் 535 சிசி இன்ஜினையும் வைத்து விற்கவில்லையா? விற்றது. 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கை அப்படியே வைத்து, 70 மில்லிமீட்டர் போரை 84 ஆக்கி 346 சிசியை 499 ஆக்கினார்கள். 87 ஆக்கி 535 கொண்டுவந்தார்கள். கொள்ளளவு 44 சதவீதம் கூடியும் சக்தி 18-லிருந்து 22 குதிரைத்திறனுக்குத்தான் போனது. வரைபடமும் சோதனை ஓட்டமும் வைத்திருந்த கம்பெனி, கனத்த சட்டம் கொண்ட புல்லட்டிலேயே இவ்வளவு அடக்கத்தோடு நடந்துகொண்டது. பட்டறையில் ஒரே நாளில் 7.5-லிருந்து 13-க்குத் தாவுவதற்கு இது முன்மாதிரி ஆகாது. டீசல் புல்லட்டையும் இங்கே சேர்த்துப் பேச வேண்டும். இந்தியாவில் பெரும் அளவில் நடந்த இன்ஜின் மாற்றங்களில் அதுவும் ஒன்று. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை இடைவெளி பெரிதாக இருந்த காலத்தில், தண்ணீர் இறைக்கவும் ஜெனரேட்டர் ஓட்டவும் பயன்பட்ட கிரீவ்ஸ் லொம்பார்டினி இன்ஜினைப் பல பட்டறைகள் புல்லட் சட்டத்தில் ஏற்றின. கம்பெனியே டாரஸ் என்ற பெயரில் 325 சிசி டீசல் வண்டியை விற்றது. அதன் சக்தி 6.5 குதிரைத்திறன். பதினெட்டுக்குச் செய்த சட்டத்திலும் பிரேக்கிலும் ஆறரை ஓடியது. அதிர்வில் போல்ட் தளர்ந்தது, விளக்கு உடைந்தது. வேகம்தான் குறைந்தது, நிற்கும் திறன் குறையவில்லை. எரிபொருள் செலவு என்ற உண்மையான தேவை அதற்குப் பின்னால் இருந்தது. டீசல் புல்லட் ஓடவில்லையா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஓடியது, சக்தியைக் குறைத்ததால் ஓடியது.

அரசுச் சட்டத்தின் நிலை பலர் நினைப்பதைவிடக் கடுமையானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்சி விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதி பெறாமல் இன்ஜினை மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்சியையும் கட்டணத்தையும் கொடுக்க வேண்டும். வெடித்துப்போன இன்ஜினுக்குப் பதில் அதே வகை இன்ஜின் வைப்பவருக்கு ஆர்டிஓ அலுவலகத்தில் எண்ணை மாற்றி எழுதிக்கொள்ளக் கதவு இருக்கிறது. பெரிய இன்ஜினுக்கு அந்தக் கதவு இல்லை. கேரளத்திலிருந்து போன கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற இடமில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தம் 182ஏ பிரிவைக் கொண்டுவந்தது: அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். யார் பிடிக்கப் போகிறார்கள் என்பது பதிலாகாது. பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது ஆய்வாளர் சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்சியோடு ஒப்பிடுவார். இன்ஜின் மாற்றப்படும் வண்டிகள் பெரும்பாலும் அந்த வயதைத் தாண்டியவை. இளையரசனேந்தல் பகுதிக்கு இதில் கூடுதல் சிக்கலும் உண்டு. சங்கரன்கோவில் வட்டத்திலிருந்து பின்னாளில் கோவில்பட்டி வட்டத்துக்கு மாற்றப்பட்ட ஊர் இது. பழைய ஆர்சியில் வட்டமும் மாவட்டமும் வேறாக இருக்கும் வண்டிகளுக்கு முகவரித் திருத்தமே ஒரு வேலை. அதற்கு மேல் பொருந்தாத இன்ஜின் எண்ணும் சேர்ந்தால் அந்த வண்டி காகிதத்தில் இறந்ததற்குச் சமம்.

காப்பீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால்தான் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இருசக்கர வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் இன்ஜினின் கொள்ளளவை வைத்தே விதிக்கப்படுகிறது. 2022 ஜூன் முதல் 75-லிருந்து 150 சிசி வரை 714 ரூபாய், 150-க்கு மேல் 350 வரை 1,366 ரூபாய், அதற்கு மேல் 2,804 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஸ்ப்ளெண்டரில் 149 சிசி இன்ஜின் வைத்தவருக்குக் கட்டணம் மாறாது, ஆகவே பிரச்சினை இல்லை என்று வாதிடுவதுண்டு. பிரச்சினை கட்டணத்தோடு முடியவில்லை. பாலிசியில் எழுதியிருக்கும் இன்ஜின் எண் கொண்ட வண்டிக்குத்தான் நிறுவனம் பொறுப்பேற்றது. விபத்து நடந்து வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனால், மாற்றிய இன்ஜினைக் காட்டித் தன் பொறுப்பை மறுக்கவோ, கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடமே திருப்பிக் கேட்கவோ அது முயலும். நாலு ஏக்கர் மானாவாரி நிலத்தை வைத்திருப்பவருக்கு அந்த வழக்கு என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை. இன்ஜின் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் இருக்கிறது. காயலான் கடையில் ரசீது இல்லாமல் வாங்கும் இன்ஜின் திருடிய வண்டியுடையதாக இருந்தால், அந்த எண் ஏதோ ஒரு காவல் நிலையத்தின் புகாரில் இருக்கும். வாங்கியவர் தன் நேர்மையை நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.

எளியவர்களின் பக்கம் நின்று எழும் எதிர்ப்பை நான் மதிக்கிறேன். புது வண்டி வாங்கக் காசில்லாதவனிடம் பிரேக் கணக்கும் பிரிவு எண்ணும் பேசுவது சுலபம், அவன் எதில் போவான் என்கிறார்கள். அவருக்காகவேதான் இதைச் சொல்கிறேன். பெரிய இன்ஜினை வாங்கும் விலை அதன் முதல் தவணைதான். பிடிப்பு வெல்டிங், வேறு கார்புரேட்டர், வளைத்து ஒட்டிய சைலன்சர் குழாய், மாற்றிய வயரிங், பொருந்தாத கேபிள் என்று ஒவ்வொன்றாக வரும். பிறகு செயினும் டயரும் சீக்கிரம் தேயும், மைலேஜ் குறையும். விற்கப் போனால் ஆர்சி பொருந்தாத வண்டியை எடைக்குத்தான் கேட்பார்கள். சொந்த இன்ஜினுக்கு போர் போட்டு ஹெட் வேலை பார்த்தவர் ஒரே தடவை செலவழிக்கிறார். அவர் வண்டி காகிதத்தோடு கைமாறவும் முடிகிறது. மெக்கானிக்கின் திறமையைக் குறைத்துப் பேசுகிறேன் என்ற குற்றச்சாட்டும் வரும். காதால் கேட்டே டேப்பெட் இடைவெளியைச் சொல்லும் ஆட்கள் நம் பட்டறைகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய கைத்திறன் தேய்ந்த இன்ஜினை அதன் முதல் நாள் அழுத்தத்துக்குக் கொண்டுவருவதில் முழுதாக வெளிப்படுகிறது. தகடு வெட்டி ஒட்டுவதற்கு அவ்வளவு திறமை வேண்டாம். அது பிசகினால் பழி மட்டும் அவர் மேல் விழும்.

ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும், அது அரசுச் சட்டத்தின் குறை. ஜெர்மனியில் தனி ஒருவர் தன் வண்டியில் செய்த மாற்றத்தை டியூவ் போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய், ஆய்வு செய்து ஆவணத்தில் பதிந்துகொள்ளலாம். பிரிட்டனில் ஒற்றை மோட்டார் சைக்கிளுக்கென்றே அனுமதிச் சோதனை உண்டு. இந்தியாவில் கேஸ், மின்சாரம் போன்ற எரிபொருள் மாற்றங்களுக்கு அங்கீகரித்த கருவித் தொகுப்பு வழியாக வழி திறந்திருக்கிறது; பட்டறையில் கட்டிய ஒற்றை வண்டியைச் சோதித்துச் சரி அல்லது தவறு என்று சொல்லச் சாமானியர் எட்டும் தூரத்தில் இடமில்லை. அப்படி ஓர் இடம் வேண்டும் என்று கேட்பது நியாயம், நானும் கேட்கிறேன். அது வந்தாலும் ஆய்வாளர் முதலில் குனிந்து பார்க்கப்போவது முன்சக்கரத்தின் பிரேக்கையும் சட்டத்தின் வெல்டிங்கையும்தான். இன்று 130 மில்லிமீட்டர் டிரம்மோடும் தகடு ஒட்டிய பிடிப்போடும் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை அந்தச் சோதனையில் தேறாது. அதுவரை, இளையரசனேந்தலில் இழுவை குறைந்த வண்டியை வைத்திருப்பவர் முதலில் ஒரு கம்ப்ரஷன் கேஜை மாட்டி அழுத்தத்தை அளக்கச் சொல்லட்டும். குறைவாகக் காட்டினால் ரிங்கும் வால்வும் பார்க்க வேண்டும். சரியாகக் காட்டினால் கிளட்ச், கார்புரேட்டர், ஏர் ஃபில்டர், ஸ்ப்ராக்கெட். இவ்வளவும் பார்த்த பிறகும் சுமை இழுபடவில்லை என்றால் அந்தச் சுமை இருசக்கர வண்டிக்கு உரியதில்லை. அதை ஆட்டோவிலோ டிராக்டரிலோ ஏற்ற வேண்டும்.